கோமதி அவுட் இல்லை

புதிதாக அம்பயர் தேர்வில் தேறியிருக்கும் உங்களுக்குக் கொடுக்க ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார்களாம், அதில் நானும் எழுத வேண்டும் என்று பேஸ்பால் சங்கத்திலிருந்து கேட்டார்கள். எதைப் பற்றி என்றேன். "நெருக்கடியில எப்படி அசையாம நிக்கறதுன்னு எழுதுங்க மேடம். அதுக்கு உங்கள விட்டா யாரு?" என்றார்கள். அசையாமல் நின்றதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். படித்துப் பார்த்த பிறகு இதை அச்சில் போடுவார்களா என்று தெரியாது. போட்டால் ஒரு வார்த்தையையும் மாற்ற வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எனக்கு விஜயபுரம் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. சித்தூரில் பெண்கள் பள்ளி ஒன்றில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். அந்த வேலையோடு சேர்த்து இருபது வருஷத்துக்கு மேல் பேஸ்பால் அம்பயராக நின்றேன். வெகுகாலம் இந்தப் பக்கத்தில் பெண் அம்பயர் என்றால் நான் ஒருத்திதான். அது எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பாரமாகவும் இருந்தது. பெருமையை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். பாரத்தை யாரிடமும் சொல்லவில்லை.

தவறு செய்யாத அம்பயர் கிடையாது. முதல் வருஷம் ஏர்பேட்டில் ஒரு பள்ளி மைதானத்தில் பந்துகளின் கணக்கையே விட்டுவிட்டேன். நான்கு தப்புப் பந்து வந்தால்தான் மட்டை பிடித்தவள் முதல் பேஸுக்குப் போகலாம். மூன்றுதான் வந்திருந்தது, நான்கு என்று நினைத்து மட்டை பிடித்த பெண்ணை முதல் பேஸுக்கு அனுப்பிவிட்டேன். இரண்டு பக்கமும் கத்தினார்கள். ஸ்கோர் எழுதுகிறவரைக் கேட்டேன், என் தப்புதான் என்று சொல்லி அந்தப் பெண்ணைத் திரும்பக் கூப்பிட்டேன். சிரித்தார்கள். மதியம் சாப்பிடும்போதும் சிரித்தார்கள். அதோடு முடிந்தது. அன்று எனக்கு வெட்கமாக இருந்தது உண்மை. ஆனால் அந்த வெட்கம் வீட்டுக்குப் போய்க் குளித்ததும் போய்விட்டது. போகாத ஒன்று உண்டு. அதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும்.

திருப்பதியில் ஒரு கல்லூரி மைதானத்தில் பெண்கள் போட்டி நடந்தது. அது நடந்து இப்போது பதினாலு வருஷம் ஆகிறது. கடைசி ஆட்டம் திருப்பதி அணிக்கும் நகரி அணிக்கும். அந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் மாநில அணிக்குப் பிள்ளைகளை எடுப்பதாக இருந்தார்கள். மாநில அணியில் ஆடினேன் என்று ஒரு சான்றிதழ் கையில் இருந்தால், விளையாட்டு ஒதுக்கீட்டில் மேல்படிப்புக்கோ போலீஸ் வேலைக்கோ போகலாம். நகரிப் பிள்ளைகள் என்னைப் போல வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள், பாதிப் பேர் தறி ஓடுகிற வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு அந்தச் சான்றிதழ் எவ்வளவு பெரிதென்று எனக்கு நன்றாகத் தெரியும். அப்படிப்பட்ட பிள்ளைகளைத்தான் பள்ளியில் வருஷம் பூராவும் ஓட விட்டுக்கொண்டிருந்தேன்.

முந்தின நாள் அரையிறுதியில் நடந்ததை முதலில் சொல்ல வேண்டும். நகரி அணி வேறொரு அணியோடு ஆடியது. இரண்டாவது பேஸில் நகரிப் பெண் ஒருத்தியை நான் அவுட் என்றேன். என்னோடு நின்ற இரண்டாவது அம்பயர் பக்கத்திலிருந்து பார்த்திருந்தார். என்னைவிட வயதில் பத்து வருஷம் சின்னவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், போடவில்லை. எனக்குச் சந்தேகம் வந்தது. அவரிடம் போய்க் கேட்டேன். "கால் முதல்ல பேஸ்ல பட்டுச்சு மேடம்" என்றார். தீர்ப்பை மாற்றி, அவள் நிற்கலாம் என்றேன். சரியான தீர்ப்பு. அம்பயர்கள் அப்படித்தான் செய்ய வேண்டும்.

மைதானத்தை விட்டு வெளியே வரும்போது, மறுநாள் ஆடவிருந்த திருப்பதி அணியின் மேனேஜர் பந்தலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். யாரிடமோ பேசுகிற மாதிரி, என் காதில் விழும்படி, "அரவவாள்ளு அரவவாள்ளக்கே செப்தாருலே" என்றார். தமிழாள் தமிழாளுக்குத்தான் சொல்லுவாள் என்று அர்த்தம். பக்கத்திலிருந்தவர், "ஆடவாள்ள மாட்ட கதா, மாருதூ உண்டுந்தி" என்றார். பெண்பிள்ளை பேச்சு அல்லவா, மாறிக்கொண்டேதான் இருக்கும் என்று.

நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். பஸ்ஸில் சித்தூர் போகும் வழியெல்லாம் அந்த இரண்டு வாக்கியங்கள்தான். புத்தலப்பட்டில் வண்டி நின்று ஆட்கள் ஏறி இறங்கியதுகூட எனக்குத் தெரியவில்லை. நாளைக்கு யாரும் வாய் திறக்க முடியாதபடி நிற்பேன் என்று முடிவு செய்துகொண்டேன். நியாயமாக நிற்பேன் என்று முடிவு செய்ததாகத்தான் அப்போது நினைத்தேன். யோசித்துப் பார்த்தால், நியாயமானவள் என்று பெயர் வாங்க முடிவு செய்திருக்கிறேன். இரண்டும் ஒன்றில்லை.

மறுநாள் ஆட்டம் கடைசிவரை இழுத்துக்கொண்டு போனது. திருப்பதி ஒன்று எடுத்தால் நகரி ஒன்று எடுக்கும். கடைசி இன்னிங்ஸில் திருப்பதி நான்கு ஓட்டம், நகரி மூன்று. நகரிக்கு இரண்டு பேர் அவுட். இன்னும் ஒரு அவுட் என்றால் ஆட்டம் முடிந்தது. இரண்டாவது பேஸில் கோமதி நின்றுகொண்டிருந்தாள்.

கோமதிக்கு அப்போது பத்தொன்பது வயது. மெலிந்த உடம்பு, அந்தப் போட்டியில் அவளைப் போல ஓடினவர்கள் யாருமில்லை. அவளுடைய அப்பா முதல் பஸ்ஸைப் பிடித்து நகரியிலிருந்து வந்திருந்தார். கயிற்றுக்கு வெளியே, வெயிலில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நின்றிருந்தார். ஆட்டம் அவருக்குப் புரியவில்லை என்று நினைக்கிறேன். மகள் ஓடும்போது மட்டும் கழுத்தை நீட்டிப் பார்ப்பார்.

மட்டை பிடித்தவள் பந்தை வலது பக்கம் தூர அடித்தாள். கோமதி கிளம்பிவிட்டாள். மூன்றாவது பேஸைச் சுற்றி நேராக நான் நிற்கிற ஹோம் பிளேட்டுக்கு வந்தாள். இந்த ஆட்டம் தெரியாத உங்கள் வீட்டாரும் இதைப் படிக்கலாம், அவர்களுக்காக ஒரு வரி. ஓடிவருகிறவள் ஹோம் பிளேட்டைத் தொட்டால் ஒரு ஓட்டம், ஆட்டம் சமம்; அதற்குள் அங்கே நிற்கும் கேட்ச்சர் பந்தைக் கையில் பிடித்தபடி அவளைத் தொட்டால் அவுட். தொடும்போது பந்து கீழே விழுந்தால் அவுட் இல்லை. தூரத்திலிருந்து எறிந்த பந்தும் கோமதியும் ஏறக்குறைய ஒன்றாக வந்தார்கள். திருப்பதி கேட்ச்சர் ஸ்ரவந்தி பந்தைப் பிடித்துத் திரும்பினாள். கோமதி சறுக்கினாள். இருவரும் மோதிக்கொண்டார்கள். செம்மண் எழும்பி இரண்டு பேரையும் மூடியது.

நான் கையை உயர்த்தி "அவுட்" என்றேன்.

காத்திருக்கவில்லை. புழுதி அடங்கட்டும், கையுறையில் பந்து இருக்கிறதா பார்ப்போம் என்று ஒரு மூச்சு நேரம் நிற்கவில்லை. தயங்கினேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்றுதான் என் கை மேலே போனது. கை மேலே இருக்கும்போதே பார்த்துவிட்டேன். ஸ்ரவந்தியின் முழங்காலுக்குக் கீழே, மண்ணில், பந்து கிடந்தது. அவள் என்னைப் பார்த்தாள். கையுறையை அதன் மேல் வைத்து அமுக்கினாள். எழுந்திருக்கும்போது பந்தோடு எழுந்தாள்.

திருப்பதி அணி கத்திக்கொண்டு மைதானத்துக்குள் ஓடிவந்தது. கோமதி மண்ணில் உட்கார்ந்தபடியே, "மேடம், பந்து கீழ வுழுந்துச்சு மேடம். கீழதான் கீது, பாருங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நான் பார்க்கவில்லை, சொன்னால் மாற்றிவிடுவேன் என்று நம்பித்தான் சொன்னாள். முந்தின நாள் நான் மாற்றியதை அவள் பார்த்திருந்தாள்.

"தொட்டப்ப பந்து கையில இருந்துச்சு. அப்புறம் கையுறையிலேருந்து எடுக்கும்போதுதான் விழுந்துச்சு. ஆட்டம் முடிஞ்சுது" என்றேன்.

அது பொய். தவறு என் கை மேலே போனதோடு முடிந்துவிட்டது. இது அதற்குப் பிறகு, தெரிந்து, வாயால் சொன்னது.

இரண்டாவது அம்பயர் நடுவிலிருந்து ஓடிவந்தார். எனக்கு நான்கடி தள்ளி வந்து நின்றார். எங்கள் விதி உங்களுக்குத் தெரியும். ஒருவர் சொன்ன தீர்ப்பை மற்றவர் தானாக மாற்ற முடியாது. தீர்ப்புச் சொன்னவர் கேட்டால்தான் சொல்லலாம். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் நின்ற இடத்திலிருந்து பந்து நன்றாகவே தெரிந்திருக்கும். நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்று நான் கேட்டிருந்தால் போதும். பந்தலுக்குக் கீழே அந்த மேனேஜரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரண்டாவது அம்பயரைப் பார்க்காமல் முகக் கவசத்தின் வாரை அவிழ்த்தேன். வார் சிக்கிக்கொண்ட மாதிரி நடித்தேன்.

அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி நடந்தார்.

கோமதிக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். எழுந்து நின்று ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் ஓங்கி அடித்தாள். அது எகிறி வந்து என் ஷூவில் பட்டது. வலிக்கவில்லை. "பாத்துட்டே பொய் சொல்றியே மேடம்" என்றாள். ஒருமையில் சொன்னாள். அவளுடைய தோழிகள் அவளை இழுத்துக்கொண்டு போனார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவளுடைய அப்பா, என்ன நடந்தது என்று பக்கத்திலிருந்தவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அரைமணி நேரம் கழித்து ஒரு வகுப்பறையில் உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். ஒரு வீராங்கனை ஹெல்மெட்டை எறிந்தால் எழுதியாக வேண்டும். ஆங்கிலத்தில் எழுதுவது வழக்கம். நடுவருக்கு அருகே தரையில் எறிந்தாள் என்று எழுத வேண்டும். 'அருகே' என்று எழுத வேண்டிய இடத்தில் 'நோக்கி' என்று எழுதினேன். நடுவரை நோக்கி எறிந்தாள். அவள் தப்பானவள் என்று ஆகிவிட்டால் நான் சரியானவள் ஆகிவிடுவேன் என்று தோன்றியது. ஒரே ஒரு சொல்தானே என்றும் தோன்றியது.

அறிக்கையில் இரண்டாவது அம்பயரும் கையெழுத்துப் போட வேண்டும். படித்தார். திரும்பவும் படித்தார். "மேடம், இந்த வார்த்தை..." என்றார்.

"எனக்கு அப்படித்தான் பட்டுது. என் கால்ல பட்டுதில்ல?"

"பட்டுச்சு."

"அப்புறம் என்ன?"

கையெழுத்துப் போட்டார். அவர் அந்தத் துறைக்கு வந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. அவருக்கு ஆட்டம் கிடைப்பதும் கிடைக்காததும் என் மாதிரி மூத்தவர்கள் சொல்வதைப் பொறுத்தது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவரையும் என் பொய்க்குள் இழுத்துக்கொண்டேன் என்று அன்றைக்கு நான் நினைக்கவில்லை.

அம்பயரைத் தாக்க முயன்றதாகக் கோமதிக்கு ஒரு வருஷம் ஆடத் தடை விதித்தார்கள். மாநில அணித் தேர்வில் அவள் பெயர் இல்லை.

இதோடு முடிந்திருந்தாலும் நான் இன்றைக்கு இப்படி எழுத மாட்டேன் என்று நினைக்கிறேன். நெருக்கடி, வெயில், கத்தல், ஒரு நொடி என்று எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். ஆனால் எனக்கு இன்னொரு வாய்ப்புக் கிடைத்தது. அப்போது கத்தல் இல்லை, கூட்டம் இல்லை.

ஆட்டம் முடிந்து நான்காவது நாள். காலையில் பள்ளி மைதானத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தேன். சங்கச் செயலாளர் போன் செய்தார். அவருக்குத் தெலுங்குதான் சொந்த மொழி, என்னோடு எங்கள் தமிழில் பேசுவார்.

"மேடம், இங்க ரெண்டு பொண்ணுங்க வந்துகீறாங்க. ஒண்ணு நம்ம கேட்ச்சர் ஸ்ரவந்தி. இன்னொண்ணு அந்த நகரிப் பொண்ணு."

பிள்ளைகளை அப்படியே நிற்கச் சொல்லிவிட்டு ஓரமாகப் போனேன்.

"பந்து கீழ வுழுந்துச்சு, நான்தான் மறைச்சேன்னு ஸ்ரவந்தி சொல்லுது மேடம். நேத்து நகரிக்கே போயி அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டு, இன்னைக்கு அதையும் கூட்டிக்கினு வந்துகீது. மெடலு வாணாம்னு மேஜை மேல வெச்சிடுச்சு. இன்னா பண்றது? நீங்க ஒரு மாட்ட சொன்னீங்கன்னா அதான் ஃபைனல்."

பதினேழு வயதுப் பெண் ஸ்ரவந்தி. பந்தை மறைத்தது அவள் தப்புத்தான். ஆட்டத்தில் கேட்ச்சர்கள் அப்படிச் செய்வார்கள். அதைக் கண்டுபிடித்துச் சொல்லத்தான் அம்பயர் நிற்கிறார். அவள் தன் அணியின் வெற்றியையே திருப்பிக் கொடுக்க பஸ் ஏறி வந்திருக்கிறாள். எதிரணிப் பெண்ணின் ஊருக்குப் போய், அவள் வீட்டைத் தேடிப் பிடித்து, முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறாள். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு, வரிசை கலைந்து ஓடும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாயில் உண்மை வந்துவிட்டது. நாக்கு நுனியில் இருந்தது. இப்போது மாற்றினால், பார்த்தும் பொய் சொன்னேன் என்று ஆகிவிடுமே என்ற நினைப்பு அதற்கு முன்னால் வந்து நின்றது. இனிமேல் எந்த ஆட்டத்துக்கும் கூப்பிட மாட்டார்கள். ஆடவாள்ள மாட்ட என்று சிரிப்பார்கள்.

"ரிப்போர்ட்ல எழுதினதுதான் சார் நடந்தது" என்றேன். "சின்னப் பிள்ளைங்க. ஒண்ணுக்கொண்ணு பரிதாபப்பட்டுப் பேசுதுங்க."

செயலாளர் பெருமூச்சு விட்டார். அவருக்கும் நிம்மதிதான் என்று தோன்றியது. கொடுத்த கோப்பையைத் திரும்ப வாங்குவது யாருக்கும் பிடித்த வேலையில்லை. "சரி மேடம், நான் பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டார். அந்தப் பிள்ளைகள் அப்போது அவருக்கு எதிரில்தான் நின்றுகொண்டிருந்தார்களா, நான் சொன்னது அவர்களுக்குக் கேட்டதா என்று நான் விசாரிக்கவில்லை.

அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் அம்பயராக நின்றேன். கண்டிப்பானவள், ஒரு தடவை சொன்னால் சொன்னதுதான் என்று பெயர் வந்தது. அந்த மேனேஜரே ஒரு தடவை வணக்கம் சொன்னார். இரண்டாவது அம்பயர் வளர்ந்து நல்ல அம்பயரானார். எங்கே பார்த்தாலும் மரியாதையாகப் பேசுவார். ஆனால் என்னோடு சேர்ந்து ஆட்டத்துக்கு நிற்பதை மட்டும் தவிர்த்தார். தம்பி கல்யாணம், காய்ச்சல், பள்ளியில் பரீட்சை என்று ஏதாவது ஒன்று சொல்வார். நான் காரணம் கேட்கவில்லை.

நான் ஓய்வு பெற்றபோது சங்கத்தில் ஒரு சின்ன விழா வைத்தார்கள். பேச வந்தவர் அந்தக் கடைசி ஆட்டத்தைத்தான் சொன்னார். மேடத்தின் மேலே ஹெல்மெட் பறந்து வந்தது, மேடம் ஓரடி நகரவில்லை, அம்பயர் என்றால் அப்படி இருக்க வேண்டும் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். சால்வை போட்டார்கள். மூன்றாவது வரிசையில் இரண்டாவது அம்பயர் உட்கார்ந்திருந்தார். கைதட்டவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. மடியில் வைத்திருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விழா முடிந்து எல்லோரும் சாப்பிடப் போனபோது அவரிடம் போனேன். சால்வையைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்திருந்தேன்.

"நீங்க அன்னைக்குப் பாத்தீங்கதானே?" என்றேன்.

எந்த நாள் என்று அவர் கேட்கவில்லை. "பாத்தேன் மேடம்."

"சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேப்பீங்கன்னு நின்னேன். ரொம்ப நேரம் நின்னேன் மேடம்." பிறகு, "கையெழுத்தும் போட்டேனே. அத எங்க போயி சொல்றது?" என்றார்.

அவருக்கும் அத்தனை வருஷமாக அது உறுத்திக்கொண்டிருந்தது. என்னால்தான்.

அவர்தான் கோமதி இருக்கும் இடத்தை விசாரித்துச் சொன்னார். கல்யாணமாகி நகரியிலேயே அம்மா வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை. கம்பெனி பஸ் வந்து இறக்கிவிடும் இடத்தில் ஒரு சாயங்காலம் போய் நின்றேன். போன் செய்து சொல்லவில்லை. சொன்னால் வர வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம்.

பஸ்ஸிலிருந்து ஏழெட்டுப் பெண்கள் இறங்கினார்கள். கழுத்தில் அடையாள அட்டையோடு கோமதி இறங்கினாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. நின்றாள்.

"இன்னா மேடம், இந்தப் பக்கம்?"

"உன்னைப் பாக்கத்தான் வந்தேன் கோமதி. அன்னைக்கு நீ அவுட் இல்ல. பந்து கீழ கிடந்ததை நான் பாத்தேன்."

பஸ்ஸில் வரும்போது பெரிதாக யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது அவ்வளவுதான்.

"தெரியும் மேடம்" என்றாள். "உன் கண்ணு அங்கதான் இருந்துச்சு. நான் பாத்தேனே."

கூட இறங்கிய பெண்கள் போய்விட்டார்கள். அவள் சாப்பாட்டுப் பையைத் தோளிலிருந்து இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"அவுட்டுன்னு சொன்னது கூட போவட்டும் மேடம். ஆட்டத்துல நடக்கும். அப்புறம் தடைன்னு சொல்லி ஒரு காயிதம் ஊட்டுக்கு வந்துச்சு. எங்க நைனா அத ஒரு வாத்தியார்கிட்ட குடுத்துப் படிக்கச் சொல்லிச்சு. வந்து என்னைக் கேட்டுச்சு, நெஜமாவே அந்தம்மா மேல வுட்டெறிஞ்சியான்னு. இல்ல நைனா, தரையிலதான் அடிச்சேன்னேன். காயிதத்துல அப்படி எழுதிகீதேன்னுச்சு. வாத்தியாரம்மா பொய் எழுதுவாங்களான்னுச்சு." பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "என்னைத் திட்டல. அதுக்கப்புறம் எந்த ஆட்டத்துக்கும் கூட வரல, அவ்ளோதான். தடை முடிஞ்சும் நானும் போவல. நைனா செத்து நாலு வருஷம் ஆவுது. கடைசி வரைக்கும் நான் சொன்னத நம்பல."

எனக்கு அந்த மனிதர் தலையில் துண்டோடு வெயிலில் நின்றது கண்ணுக்கு வந்தது. அவர் ஒரு வாத்தியாரின் எழுத்தை நம்பினார். மகளைவிட அதிகமாக நம்பினார்.

"நான் என்ன செய்யணும் சொல்லு" என்றேன்.

"இன்னா செய்வ? எழுதிக் குடு மேடம். எழுதினதுதானே நின்னுச்சு."

வீட்டுக்கு வந்து இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்று சங்கத்துக்கு, ஆங்கிலத்தில். நான் பார்த்தது என்ன, சொன்னது என்ன, எந்தச் சொல்லை மாற்றி எழுதினேன், போனில் என்ன சொன்னேன், இரண்டாவது அம்பயரை எப்படிக் கையெழுத்துப் போட வைத்தேன் என்று எல்லாவற்றையும் எழுதினேன். இப்போதிருக்கும் செயலாளர் புதியவர், நல்லவர். "பழைய ஃபைல் எங்க இருக்குதுன்னே தெரியல மேடம். இப்போ எதுக்கு இது? உங்க பேருதான் கெடும்" என்றார். கெடட்டும் என்றேன். கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டார். தீர்ப்பை மாற்ற விதியில் இடமில்லையாம். அது எனக்கும் தெரியும். அதனால்தான் சங்கம் கேட்ட கட்டுரைக்குப் பதிலாக இதை எழுதுகிறேன்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். கை மேலே போவதற்கு முன் ஒரு மூச்சு விடுங்கள். போன பிறகு சந்தேகம் வந்தால் கூட நிற்பவரைக் கேளுங்கள், எல்லோர் முன்னாலும் கேளுங்கள். நடுநிலையானவர் என்று காட்டிக்கொள்ள உங்கள் சொந்த ஆட்களுக்கு எதிராகச் சாயாதீர்கள், அதுவும் சாய்வதுதான். கோபத்தில் இருக்கும்போது அறிக்கை எழுதாதீர்கள். இளையவர் ஒருவர் உங்கள் அறிக்கையைத் திரும்பப் படித்தால் பேனாவை அவரிடம் நீட்டாதீர்கள், அவர் என்ன நினைக்கிறார் என்று கேளுங்கள். இதெல்லாம் விதிப்புத்தகத்தில் ஒரு வகையில் இருக்கிறது. எனக்கும் அன்றைக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் செய்தேன். அதனால் இதைப் படித்துவிட்டால் நீங்கள் செய்ய மாட்டீர்கள் என்று என்னால் உறுதி சொல்ல முடியவில்லை.

இரண்டாவது கடிதத்தைத் தமிழில் எழுதி ஒரு ஞாயிற்றுக்கிழமை நகரிக்குக் கொண்டுபோனேன். கோமதி வாசலில் நின்று படித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"எங்கம்மாவுக்குப் படிக்க வராது. நீயே படிச்சுக் காட்டு மேடம். அதுக்கும் சந்தேகம் கீது."

பக்கத்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். உள்ளே இரண்டு பவர்லூம் ஓடிக்கொண்டிருந்தன. கோமதியின் அம்மா ஒன்றின் எதிரில் நின்றிருந்தார். கோமதி போய்க் காதில் ஏதோ சொன்னாள். அவர் இரண்டு சுவிட்சையும் அணைத்தார், சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டார், உட்காருங்கள் என்று ஸ்டூலைக் காட்டினார். நான் நின்றுகொண்டே படித்தேன். உங்கள் மகள் என் மேல் எதையும் எறியவில்லை, அவள் சொன்னது உண்மை, நான் எழுதியது பொய் என்ற இடத்தை அந்த அம்மா இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன்.

அவர் மகளைப் பார்த்தார். கோமதி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு உசிரோட இருக்கசொல்லவே வந்திருக்கலாமேம்மா" என்றார் அந்த அம்மா.

திட்டுகிற குரல் இல்லை அது. பஸ் போன பிறகு வந்து நிற்கிறவளிடம் சொல்வது போலச் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என் கையிலிருந்து கடிதத்தை வாங்கி மகளிடம் கொடுத்துவிட்டு, போய்த் தறியைப் போட்டார். அந்தச் சத்தத்தில் அதற்கு மேல் யாரும் பேச முடியாது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டேன். கோமதி வாசல் வரை வந்தாள். "பஸ்ஸு மூணே முக்காலுக்கு மேடம்" என்றாள்.